கமராவின் யன்னலும் எங்கள் கண்ணும்

புதிதாக இந்த நாட்டுக்கு வந்து சேரும் எம்மவர் குடும்பங்கள் பொருள் வாங்குவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் குளிருக்கு உடுப்பு, அடுத்து மெத்தை, அதற்கடுத்து சோறு அவிக்கப் பானை. கமரா அந்தப் பட்டியலில் வருவதில்லை. கைத்தொலைபேசியிலேயே கமரா இருக்கும்போது தனியாக ஒன்று எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் கடந்த ஒரு வருடத்திற்குள் நாலைந்து பேர் என்னிடம் வந்து, "தம்பி, உம்மட கையில கிடக்கிற மாதிரி ஒரு பழைய பிலிம் கமரா வாங்க வேணும், எது நல்லது?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் மற்றவர்களுக்கும் உதவும் என்ற எண்ணத்திலேயே இதனை எழுதுகிறேன்.

நான் படப்பிடிப்பைப் படித்துப் பட்டம் பெற்றவனல்ல. இடப்பெயர்வுகளுக்கு நடுவே சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இயந்திரம் வெட்டித் தள்ளும் உலோகத் துண்டுகளை வேர்ணியர் கொண்டு அளந்து, சரியானதை ஒரு பெட்டியிலும் பிழையானதை இன்னொரு பெட்டியிலும் போடுவது என் பொறுப்பு. அளந்து பார்க்காமல் எதையும் நம்பக்கூடாது என்பது அந்த வேலை எனக்குத் தந்த பழக்கம். கமரா விடயத்திலும் அதுவே கைகொடுத்தது.

நான் வைத்திருப்பது றேஞ்ச்பைண்டர் வகைக் கமரா. மற்றக் கமராக்களில் லென்ஸ் காண்பதையே, உள்ளே இருக்கும் முகக்கண்ணாடி வழியாக நாமும் காண்கிறோம். றேஞ்ச்பைண்டரில் அப்படியல்ல. லென்ஸ் தன் பாட்டில் ஓரிடத்தில் இருக்கும். நாம் கண்ணை வைத்துப் பார்ப்பது அதற்கு மேலே ஒரு மூலையில் இருக்கும் தனி யன்னல். இதைத்தான் வியூபைண்டர் என்கிறார்கள். அந்த யன்னலுக்குள் வெளிச்சக் கோடுகளால் ஒரு சட்டம் தெரியும். சட்டத்திற்குள் அகப்படுவது படத்தில் வரும், வெளியே நிற்பது வராது. நடுவில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் போக்கஸ் சரி.

இதிலே ஒரு சிக்கல் இருக்கிறது. லென்ஸைக் கழற்றி வேறொன்றைப் போடலாம். யன்னலைக் கழற்ற முடியாது. ஆகவே கமராவை வாங்க முன்னரே, எந்த லென்ஸைத்தான் நாங்கள் அதிகம் பாவிக்கப் போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பொருந்தாத யன்னல் உள்ள கமரா எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் எங்களுக்கு உதவாது.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 150 கிலோமீற்றரில், ஜோர்ஜியன் குடாக் கரையில் மிட்லண்ட் என்ற சிறு பட்டினம் இருக்கிறது. கோடைகாலத்தில் எம்மவர்கள் யாத்திரை போகும் மாட்டர்ஸ் சிறைன் திருத்தலம் அங்கேதான் உள்ளது. நான் சைவக்காரன். இருந்தாலும் அயல்வீட்டு அக்கா குடும்பத்தோடு ஒரு முறை போய் வந்திருக்கிறேன். உலகப் புகழ்பெற்ற லைக்கா கமராக்கள் அதே மிட்லண்டில் செய்யப்பட்டன என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. ஜேர்மனியின் லைட்ஸ் நிறுவனம் 1952இல் அங்கு ஒரு தொழிற்சாலையைத் தொடங்கியது. ஜேர்மனியிலிருந்து தொழிலாளர்கள் வந்து குடியேறினார்கள். அவர்களில் ஒருவர் வால்டர் மாண்ட்லர். லென்ஸ் வடிவமைப்பில் உலகம் மதிக்கும் மனிதர், 2005இல் காலமானார். அங்கே செய்யப்பட்ட லென்ஸ்கள் பலவற்றில் லைட்ஸ் கனடா என்று பொறித்திருக்கும். வேற்று நாட்டிலிருந்து வந்து இந்தக் குளிருக்குள் தொழில் செய்த கைகள் அவை என்று நினைக்கும்போது எனக்கு ஒரு தனி ஒட்டுதல் ஏற்படுகிறது.

இனி லைக்காவின் கதையையே எடுத்துப் பாருங்கள். 1954இல் எம்3 என்ற கமரா வந்தது. அதன் யன்னலில் உலகம் 0.91 மடங்காகத் தெரியும். அதாவது வெறுங்கண்ணால் பார்ப்பதற்கு மிகக் கிட்டிய அளவு. 50, 90, 135 மி.மீ. லென்ஸ்களுக்கு அதில் சட்டங்கள் உண்டு. 35 மி.மீ. லென்ஸுக்கு இல்லை. உருவம் அவ்வளவு பெரிதாகத் தெரியும்போது அகன்ற காட்சி யன்னலுக்குள் அடங்காது. அதனால் எம்3க்கென்று மூக்குக்கண்ணாடி போட்டது போன்ற 35 மி.மீ. லென்ஸ் செய்ய வேண்டி வந்தது. பின்னர் எம்2 என்ற கமராவில் உருவத்தை 0.72 மடங்காகக் குறைத்து 35க்கு இடம் கொடுத்தார்கள். 1977 அளவில் மிட்லண்டில் செய்யத் தொடங்கிய எம்4-2இலும் அதே 0.72தான். அதில் 35, 50, 90, 135 சட்டங்கள் இருந்தன. 1980இல் மாண்ட்லரின் 75 மி.மீ. லென்ஸ் வந்தது. அதை அடுத்து மிட்லண்டில் செய்யப்பட்ட எம்4-பி கமராவில் 75க்கும் 28க்கும் புதிதாகக் கோடுகள் சேர்க்கப்பட்டன. கமராவைச் செய்தவர்களே லென்ஸைப் பார்த்துத்தான் யன்னலை மாற்றியிருக்கிறார்கள். வாங்கும் நாங்கள் அதைப் பார்க்காமல் விடலாமா?

லைக்காவின் விலை எங்கள் சம்பளத்துக்கு எட்டாது. என் கமரா வந்த வழி வேறு. எங்கள் வேலைத்தலத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற போர்த்துக்கல்காரர் ஒருவர் தன்னிடமிருந்த இரண்டு கமராக்களில் ஒன்றை விற்க விரும்பினார். ஒன்று கனன் பி, 1959இல் வந்த யப்பானியக் கமரா. மற்றது 2000ஆம் ஆண்டளவில் வந்த பெஸ்ஸா ஆர். இரண்டுக்கும் ஒரே வகைத் திருகு லென்ஸ் பொருந்தும். "எவ்வளவு காசு வைத்திருக்கிறாய்?" என்று அவர் கேட்கவில்லை. "யாரைப் படம் எடுக்கப் போகிறாய்? அவர்களுக்கு எவ்வளவு கிட்ட நிற்பாய்?" என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இருந்தது. நான் எடுக்க விரும்பியது வீட்டுக்குள்ளே இருக்கும் மனிதர்களை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

2009க்குப் பிறகு எங்கள் குடும்பத்தின் கையில் ஒரு அல்பம்கூட மிஞ்சவில்லை. அப்பாவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் சின்னம்மாவின் கலியாண அல்பம் மட்டும் தப்பியிருந்தது. அதில் ஒரு கூட்டுப்படத்தில் அப்பா நிற்கிறார், வலது பக்கக் கரையில். ஒரு கண், அரைவாசி மூக்கு, ஒரு தோள், அக்காவின் தலையில் வைத்த கை. மிச்சம் படத்துக்கு வெளியே. அம்மாவிடம் இருக்கும் அப்பாவின் படம் அது ஒன்றுதான். சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் அதை வைத்திருக்கிறா. படம் எடுத்தவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. மாப்பிள்ளை பொம்பிளையைப் பார்ப்பதுதான் அவருடைய தொழில். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் கரையில் நிற்பவர்களைப் பற்றி நினைப்பேன். அவர்கள் எப்போதும் கரையிலேதான் நிற்பார்கள். தாங்களாக நடுவுக்கு வரமாட்டார்கள். கமராவுக்குப் பின்னால் நிற்பவனுடைய கண்தான் அவர்களைத் தேடிப்போக வேண்டும்.

றேஞ்ச்பைண்டர் யன்னலில் சட்டத்துக்கு வெளியே நிற்பவர்களும் தெரிவார்கள் என்பது எனக்கு இந்தக் கமராவைப் பிடித்துப் போனதற்கு முதற் காரணம். யார் அரைவாசி வெட்டுப்படுகிறார், யார் இப்போதுதான் குசினிக்குள்ளிருந்து வருகிறார் என்று முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். ஆனால் சட்டம் யன்னலின் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இந்த நன்மை இல்லாமற் போய்விடும். சட்டத்துக்கு வெளியே கொஞ்சம் வெளி தெரியவேண்டும்.

லென்ஸைத் தெரிவது எப்படி? இதற்கு ஒரு சதமும் செலவில்லை. காலைச் சாப்பாட்டுச் சீரியல் பெட்டியின் அட்டையில் 72 மி.மீ. அகலம், 48 மி.மீ. உயரத்தில் ஒரு துவாரம் வெட்டுங்கள். பிலிமின் ஒரு படம் 36க்கு 24 மி.மீ. இது அதன் இரட்டிப்பு. ஆகவே லென்ஸின் அளவையும் இரட்டித்து, அந்தத் தூரத்தில் அட்டையைக் கண்ணுக்கு முன்னே பிடியுங்கள். 28 மி.மீ. லென்ஸ் என்றால் 56 மி.மீ., 35க்கு 70, 50க்கு 100, 90க்கு 180. மற்றக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். துவாரத்துக்குள் தெரிவதுதான் அந்த லென்ஸ் தரும் படம். அந்த அட்டையோடு ஒரு கிழமை வீட்டில் திரியுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கணக்கில் விருப்பமுள்ளவர்களுக்கு இன்னொரு வழி. நிற்கும் தூரத்தை 36ஆல் பெருக்கி லென்ஸின் மி.மீ. அளவால் பிரித்தால் படத்தில் அடங்கும் அகலம் வரும். 3 மீற்றர் தூரத்தில் நின்றால் 28 மி.மீ. லென்ஸில் 3.86 மீற்றர் அடங்கும். 35இல் 3.09, 50இல் 2.16, 90இல் 1.2 மீற்றர். எங்கள் தொடர்மாடி வீட்டு முன்னறையில், சோபாவில் இருக்கும் ஆறு பேரையும் ஒரு படத்தில் அடக்க மூன்று மீற்றர் அகலம் வேண்டும். 50 மி.மீ. லென்ஸ் என்றால் நான் நாலு மீற்றருக்கு மேல் பின்னுக்குப் போகவேண்டும். எனக்குப் பின்னால் சுவர். ஆகவே எனக்கு 35. வெளியில் நின்று ஒருவர் இருவரை எடுப்பவர்களுக்கு 50 நல்லது. பிரான்ஸ் தேசத்துக் கார்ட்டியே-பிரெசோன் தன் காலத்தின் பெரும்பகுதியை 50 மி.மீ. லென்ஸுடனேயே கழித்தார். மேடையில் பிள்ளை ஆடுவதை எடுக்க விரும்புவோர் 90ஐ நாடவேண்டும்.

லென்ஸ் முடிவானதும் யன்னலுக்கு வருவோம். இரண்டு கமராக்களையும் அந்தப் பெரியவர் என் கையில் தந்து, அதே 35 மி.மீ. லென்ஸை மாறி மாறிப் போட்டுப் பார்க்கச் சொன்னார். கனன் பியின் யன்னல் அற்புதமானது. உருவம் சரி அளவிலேயே, ஒன்றுக்கு ஒன்றாகத் தெரியும். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டே பார்க்கலாம். ஆனால் 35க்குரிய கோடு யன்னலின் கடைசி ஓரத்தில் இருக்கிறது. நானோ பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கண்ணாடி போடுபவன். கண்ணாடியோடு பார்த்தபோது நாலு மூலையும் எனக்குத் தெரியவில்லை.

இது ஏன் என்று எம்மவருக்கு விளக்குவது சுலபம். ஊரில் கிடுகு வேலிப் பொட்டுக்குள்ளால் அடுத்த வளவைப் பார்த்திருப்பீர்கள். கண்ணைப் பொட்டோடு ஒட்டவைத்தால் கிணற்றடி முழுவதும் தெரியும். ஒரு விரற்கடை பின்னுக்கு எடுத்தால் வாழைமரம் மட்டும்தான் தெரியும். மூக்குக்கண்ணாடி கண்ணை அந்த ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. ஆகவே கண்ணாடி போடுபவர்கள், தங்கள் லென்ஸுக்குரிய கோடு ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் யன்னலைத் தெரியவேண்டும். லைக்காவின் 0.72 யன்னலில் கண்ணாடிக்காரருக்கு 35 சமாளிக்கலாம், 28 கஷ்டம். அதற்காகவே 2000ஆம் ஆண்டில் 0.58 மடங்கு யன்னலும் வந்தது. அதற்கு எதிர்ப்புறமாக 1998இல் வந்த 0.85 மடங்கு யன்னல் 50, 75, 90 பாவிப்பவர்களுக்கு உகந்தது. பெஸ்ஸா வரிசையில் 0.52 மடங்கு ஆர்4ஏ 21 மி.மீ. வரை கோடு காட்டும். ஆர்3ஏ சரி அளவு யன்னல், அதில் 40 மி.மீ.க்குக் கீழே கோடு இல்லை. கண்வைக்கும் இடத்தில் பார்வைக்கேற்ற வில்லை திருகக்கூடிய கமராக்களும் உண்டு. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்க அது உதவும்.

என்னிடம் வந்த பெஸ்ஸா ஆரின் யன்னல் 0.68 மடங்கு. 35க்குரிய கோடு எனக்குக் கண்ணாடியோடு தெரிகிறது. மூலைக்குக் கண்ணைச் சற்று அசைத்தால் போதும். மேலே உள்ள ஒரு சிறு விசையைத் தள்ளினால் கோடு 35, 50, 75 என்று மாறும். 35ஐத் தெரிந்தால் 90க்குரிய கோடும் கூடவே வரும்.

அப்படியென்றால் சிறிய மடங்கு யன்னலே எல்லோருக்கும் நல்லதா? இல்லை. இங்கேதான் அளவு வேலை வருகிறது. போக்கஸ் சரியாக அமைவது, கமராவின் முகத்தில் உள்ள இரண்டு யன்னல்களுக்கு இடைப்பட்ட தூரத்தில் தங்கியிருக்கிறது. எங்கள் இரண்டு கண்களும் தூரத்தை மதிப்பதுபோலவே அதுவும் மதிக்கிறது. அந்த இடைவெளியை யன்னலின் மடங்கால் பெருக்கினால் வருவதுதான் உண்மையான அளவுகோல். லைக்கா எம் வகையில் இடைவெளி ஏறத்தாழ 69 மி.மீ. 0.72ஆல் பெருக்கினால் 50 மி.மீ. எம்3இல் அது 60ஐத் தாண்டும். கனன் பியில் 41. பெஸ்ஸா ஆரில் இடைவெளி 37, பெருக்கினால் 25தான். ஒன்றுக்கு ஒன்றாகக் காட்டும் பெஸ்ஸா ஆர்3ஏகூட 37ஐத்தான் தருகிறது, லைக்காவின் 0.72ஐ எட்டாது. யன்னலில் உருவம் பெரிதாகத் தெரிகிறது என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்கக்கூடாது.

35 மி.மீ. லென்ஸ் போக்கஸில் சிறு பிழையைப் பொறுக்கும். ஆகவே எனக்கு 25 மி.மீ. போதும். அதே பெஸ்ஸாவில் 90 மி.மீ. லென்ஸை முழுவதும் திறந்து வைத்து, மங்கலான மண்டபத்தில் ஆடும் பிள்ளையை எடுக்க முயன்றால் கண் தப்பி மூக்குக்குப் போகும். அப்படிப்பட்டவர்களுக்கு கனன் பி போன்றது மேல். லைக்கா வைத்திருப்பவர்கள் கண்வைக்கும் இடத்தில் 1.25 மடங்கு பெருக்கி ஒன்றைத் திருகிக்கொள்ளலாம். 0.72 அப்போது 0.9 ஆகிவிடும்.

28, 21 போன்ற மிக அகன்ற லென்ஸ்களுக்கு, கமராவின் தலையில் செருகும் தனி யன்னல்களும் விற்பனைக்கு உண்டு. வெளிச்சமானவை, கண்ணாடிக்காரருக்கும் நல்லவை. ஆனால் போக்கஸைக் கமராவின் யன்னலிலும் படத்தை மேல் யன்னலிலும் பார்க்கவேண்டும். அத்துடன் அது லென்ஸுக்கு மேலே உயரத்தில் இருப்பதால், கிட்ட நிற்பவர்களை எடுக்கும்போது அது காட்டுவதும் லென்ஸ் காண்பதும் ஒன்றாக இரா. தலை வெட்டுப்படும். உள்ளே தெரியும் கோடுகளோ போக்கஸோடு சேர்ந்து நகர்ந்து இந்த வித்தியாசத்தைத் திருத்திக்கொள்ளும். எப்படியும் தூரத்துக் காட்சிகளில் கோட்டுக்குள் தெரிவதைவிடச் சற்றுக் கூடுதலாகவே படத்தில் விழும். அது எங்களுக்கு இலாபம்தான்.

பழைய கமராவை வாங்கப் போகும்போது கையோடு செய்து பார்க்கவேண்டியவை சில. உங்கள் மூக்குக்கண்ணாடியைக் கட்டாயம் கொண்டுபோங்கள். உங்கள் லென்ஸுக்குரிய கோட்டின் நாலு மூலையும் தெரிகிறதா என்று பாருங்கள். லென்ஸைக் கடைசித் தூரத்துக்குத் திருப்பி, வெகுதூரத்துக் கட்டடம் ஒன்றை நோக்குங்கள். 553 மீற்றர் உயரமான சீ.என். கோபுரம் இதற்கென்றே கட்டியதுபோல நிற்கிறது. இரண்டு உருவமும் ஒன்றாகவேண்டும். பக்கவாட்டில் விலகியிருந்தாலும், ஒன்று மேலே ஒன்று கீழே நின்றாலும் திருத்த வேலை இருக்கிறது, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். நடுச் சதுரம் மங்கிப்போயிருக்கிறதா என்பதை வெளியில் பார்க்காமல் கடைக்குள் மங்கிய மூலையில் பாருங்கள். லென்ஸின் தலையும் மூடியும் யன்னலின் கீழ் மூலையை எவ்வளவு மறைக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

இவ்வளவும் தலையிடி என்று நினைப்பவர்களுக்கு ஒரு சுலப வழி. யாஷிக்கா எலெக்ட்ரோ 35, கனோனெற் போன்ற பழைய கமராக்களில் லென்ஸைக் கழற்ற முடியாது. முன்னையதில் 45 மி.மீ., பின்னையதில் பெரும்பாலும் 40 அல்லது 45. யன்னலும் அந்த ஒரே லென்ஸுக்கென்று செய்தது. தெரிவு செய்யும் வேலையே இல்லை. முதற் கமராவாக இவற்றையே நான் சொல்வேன். அதிலே ஒரு வருடம் எடுத்துப் பழகினால், நீங்கள் எப்போதும் பின்னுக்குப் போக விரும்புகிறீர்களா, முன்னுக்குப் போக விரும்புகிறீர்களா என்பது தானாகவே தெரிந்துவிடும். பின்னுக்கென்றால் 35, முன்னுக்கென்றால் 75 அல்லது 90.

கடைசியாக ஒன்று. பிலிம் றோலும் கழுவும் கூலியும் இப்போது மலிவில்லை. ஒரு றோலில் 36 படங்கள்தான். ஆகவே எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பிறந்தநாளோ பொங்கலோ, ஒவ்வொரு றோலிலும் ஒரு படம், வீட்டில் மூத்தவரைத் தனியாக, தலை முதல் கை வரை முழுதாக எடுப்பது. அம்மா முதலில், "என்ர முகத்தைப் பார்த்து என்ன செய்யப் போறியள்?" என்று மறுத்தா. இப்போது சீலை மாற்றிக்கொண்டு வந்து இருக்கிறா. படம் வந்ததும் பின்பக்கத்தில் பென்சிலால் பெயர், இடம், திகதி மூன்றையும் அக்கா எழுதி வைக்கிறா. உங்கள் கையில் எந்தக் கமரா இருந்தாலும், கைத்தொலைபேசியாக இருந்தாலும், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். விசையை அமத்த முன்னர் கோட்டின் நாலு கரையையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அங்கே யாராவது அரைவாசியாக நின்றால், ஓரடி பின்னுக்கு வையுங்கள்.